காஞ்ச கட்டை

நான்தான் அடிச்சேன். முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எங்க தெருவுல இதை ஆளுக்கொரு மாதிரி சொல்லிட்டுத் திரியறாங்க. ஒருத்தர் நான் நாயோட காலை ஒடிச்சுட்டேன்னு சொல்றார். இன்னொருத்தர் நாய்க்கு வெறி புடிச்சு நான் அதைக் கொன்னே போட்டுட்டேன்னு சொல்றார், அதுவும் நாய் அவர் முன்னாடி நடந்து போகும்போதே. நாலு அடி. கூரைக்குப் போடற ரீப்பர் கட்டையால. ஒரு விலா எலும்பு உடைஞ்சுது. நடந்தது இவ்வளவுதான், இதுவே போதும்.

எங்களுது வெல்டிங் கடை. கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, எல்லாம் செய்வோம். அப்பா ஆரம்பிச்சது. அம்மா முன்னாடியே போயாச்சு. அப்பாவும் போனப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு, தம்பிக்கு ஒன்பது. கடையையும் அவனையும் சேர்த்து என் தலையில வெச்சாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலை, இரும்பு வளையலைன்னா தட்டறது. அவனையும் அப்படித்தான் வளர்த்தேன். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு அப்பா சொல்லிச் சொல்லி என்னை அடிப்பார். அதையே சொல்லி நான் தம்பியை அடிச்சேன். சொந்தத் தம்பிகிட்டயே அந்தப் பழமொழியைச் சொல்றோமேன்னு எனக்கு ஒரு நாளும் உறைக்கலை.

அடிச்சாலும் ஆளாக்கினேன். இன்னிக்கு அவன் போடற ஜாயின்ட்டைப் பாத்தா எங்க ஆரம்பிச்சான் எங்க முடிச்சான்னு கண்டுபிடிக்க முடியாது. இருபத்தாறு வயசு, வாயில வார்த்தை வராது, ஊமைக் கோட்டான்னு நானே கிண்டல் பண்ணுவேன்.

நாய் வந்தது மூணு வருஷம் முன்னாடி. கடைக்குப் பின்னாடி பழைய இரும்புக் குவியல் மேல குட்டியா சுருண்டு கிடந்துச்சு, அந்த இரும்போட நிறத்துலயே. துருன்னு பேர் வெச்சோம். பக்கத்து டயர் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார், வெல்டிங் கடையில துருவைக் கூட்டிட்டு வந்து சோறு போட்டு வளர்க்கறது உலகத்துலயே நீ ஒருத்திதான்னு. அந்த துருவை மட்டும் நான் ஒரு தடவைகூட அடிச்சதில்ல. செருப்பைக் கடிச்சுது, கையுறையைக் கடிச்சுது, ஒரு கஸ்டமரோட பேன்ட்டையே கிழிச்சுது. திட்டினேன், அடிக்கலை. அது மேல எனக்கு உசிரு, அவ்வளவுதான்.

இப்ப எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்கு, அதைச் சொன்னாத்தான் மத்தது புரியும். கரண்ட் புடிச்சவனைக் கையால தொடக்கூடாது. தொட்டா ரெண்டு பேரும் போவோம். மெயினை அணைக்கணும். அதுக்கு நேரம் இல்லைன்னா காஞ்ச கட்டையை எடுத்து அடிச்சுப் பிரிக்கணும். அதுக்குன்னே எங்க கடைச் சுவத்துல ஆணியில ஒரு ரீப்பர் கட்டை தொங்கும். எண்ணெய் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, வேற வேலைக்குத் தொடக்கூடாது. எனக்குப் பதினேழு வயசுல ஒரு மழைநாள் வெல்டிங் ராடு மாட்டற ஹோல்டர்ல கை ஒட்டிக்கிச்சு. அப்பா அந்தக் கட்டையால தோள்ல அடிச்சுத்தான் என்னைப் பிரிச்சார். எலும்பு விரிசல் விட்டுப் போச்சு, உசிரு நின்னுச்சு. எங்க கடையில அடிங்கறது காப்பாத்தறது.

அன்னிக்குக் காலையில வாசல்ல ஒரு கஸ்டமர் கூட எனக்குச் சண்டை. கேட்டோட உயரம் நாலு விரல் குறையுதுன்னு அவர், அளவு குடுத்தது நீங்கன்னு நான். அவரை ஒரு வழியா அனுப்பிட்டு உள்ள திரும்பினேன். அரைகுறையா செஞ்ச கேட் ஒண்ணு தரையில கிடக்கு, வெல்டிங் மெஷினோட எர்த் கிளாம்ப் அதுல மாட்டியிருக்கு. துரு அந்தக் கேட் மேல விழுந்து கிடக்குது. நாலு காலும் விறைச்சு, கழுத்து பின்னால வளைஞ்சு, மண்டை இரும்புச் சட்டத்துல டங்கு டங்குன்னு இடிக்குது. வாயில நுரை, அதுல ரத்தம். நாக்கைக் கடிச்சிருக்கு. கண்ணு தொறந்திருக்கு, ஆனா அதுல ஆள் இல்ல.

எனக்கு வேற எதுவும் தோணலை. கரண்ட். மெயினை அணைடான்னு கத்தினேன். தம்பி மெயின் ஸ்விட்ச் பக்கத்துலயே நிக்கறான், கையில கேபிளை வெச்சுக்கிட்டு, சிலை மாதிரி. அவன் பயத்துல உறைஞ்சுட்டான்னு நெனச்சேன். கட்டையை உருவினேன். முதல் அடி பின்னங்கால்ல. பிரியலை. ரெண்டாவது அடி தொடையில. இரும்பை விட்டு நகரமாட்டேங்குது. இன்னும் பலமா அடிக்கணும்னு தோணிச்சு, முழுப் பலத்தோட விலாவுல போட்டேன். உள்ள ஏதோ முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. நாலாவது அடியில நாய் கேட்டை விட்டு உருண்டு சுவத்தோரம் போய் விழுந்துச்சு. அங்கயும் அது இழுத்துக்கிட்டேதான் இருந்துச்சு. கட்டையைக் கையில வெச்சுக்கிட்டு நான் நின்னேன், இன்னும் ஏன் நிக்கலைன்னு புரியாம.

கால்நடை டாக்டரம்மா சின்ன வயசு, என்னை விட பத்து வயசாவது கம்மி. ஸ்டீல் மேசையில துருவைப் படுக்க வெச்சாங்க. கரண்ட் அடிச்சிருச்சு டாக்டர்னு சொன்னேன். காலைப் பாத்தாங்க, வாயைப் பாத்தாங்க, சுட்ட அடையாளம் ஒண்ணும் இல்லையேன்னாங்க. எலி மருந்து தின்னுச்சா, பெயின்ட் நக்குச்சா, எங்கயாவது விழுந்துச்சான்னு வரிசையா கேட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க. ரிப்போர்ட் எல்லாம் நல்லாவே வந்துச்சு. அதுக்குள்ள மேசை மேலயே துரு மறுபடி விறைச்சுது. ஒயர் இல்ல, மெஷின் இல்ல, சுத்தி வெறும் சுவரு. என் கை தானா போய் அதை அமுக்கப் போச்சு.

"கையை எடுங்க," டாக்டரம்மா சொன்னாங்க. "புடிக்காதீங்க. மணியைப் பாருங்க."

ஒண்ணும் செய்யாம நின்னேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். நாய் மேசையை உதைக்குது, மூத்திரம் போகுது, பல்லு நறநறங்குது, நான் சுவத்துக் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்.

வலிப்பு நோய்னாங்க. மனுஷங்களுக்கு வர்ற மாதிரியேதான், சில நாய்க்குக் காரணமே இல்லாம வரும், முழுசா போகாது, அடக்கி வெக்கலாம். காலையில ஏழு மணிக்கு அரை மாத்திரை, சாயந்திரம் ஏழு மணிக்கு அரை மாத்திரை, சாகற வரைக்கும். ஒரு வேளை தவறக்கூடாது. தவறினா அடக்கி வெச்சதெல்லாம் சேர்த்து வரும், ஒண்ணு மேல ஒண்ணா வரும், நாய் தாங்காது. வலிப்பு வரும்போது தொடாதீங்க, வாயில எதையும் வெக்காதீங்க, சுத்தி இருக்கற பொருளை நகர்த்துங்க, நேரத்தை எண்ணுங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா இதைப் பின்பக்கமா ஏத்துங்கன்னு ஒரு குழாய் மருந்து குடுத்தாங்க. எழுந்ததும் கொஞ்ச நேரம் ஆள் தெரியாது, கடிக்கும், அது அதோட தப்பு இல்லன்னாங்க.

அப்புறம் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பாத்துட்டு, விலா எலும்பு எப்படி உடைஞ்சுதுன்னு கேட்டாங்க. நான்தான் அடிச்சேன்னு சொன்னேன். கரண்ட்னு நெனச்சு அடிச்சேன்னு சட்டத்தை எல்லாம் விளக்கினேன். அவங்க முகம் சுளிக்கலை. அப்ப மெஷின் ஓடிட்டு இருந்துச்சான்னு மட்டும் கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பின்னாலிருந்து தம்பி, தரையைப் பாத்துக்கிட்டு, மெயின் ஆஃப்லதான் இருந்துச்சுன்னான். கேபிள் மாத்தறதுக்காக அவனே அணைச்சு வெச்சிருந்தானாம்.

கடைக்கு வந்தோம். துருவை அட்டைப்பெட்டியில வெச்சுட்டு ஷட்டரை இறக்கினேன். வெல்டிங் ராடு வெச்சிருந்த டப்பாவை உதைச்சேன், ராடெல்லாம் கடை பூரா சிதறிச்சு. தெரிஞ்சும் நின்னியாடா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அடிச்சிருப்பேனா, வாயில கொழுக்கட்டை வெச்சிருந்தியான்னு கத்தினேன். கத்தக் கத்த என் வலது கை மேல போச்சு. அப்ப ரெண்டு தலை குனிஞ்சுது. ஒண்ணு தம்பியோடது, தோளுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. இன்னொண்ணு அட்டைப்பெட்டிக்குள்ள.

"நீ கையை ஓங்கினா எனக்கு வாய் வராதுக்கா," தம்பி சொன்னான். "ஒன்பது வயசுலேருந்து அப்படித்தான். ஆஃப்ல இருக்குன்னு சொல்லணும்னு இருந்துச்சு. நாக்கு ஒட்டிக்கிச்சு."

ஓங்கின கை எங்கயாவது இறங்கணுமில்ல, ஷட்டர்ல இறக்கினேன். மூணு முட்டி கிழிஞ்சு ரத்தம் தகரத்துல வழிஞ்சுது. வலிக்கட்டும்னு இருந்துச்சு.

எல்லாம் போட்டு உடைக்கிற நாள்னு அவனும் நெனச்சானோ என்னவோ, அன்னிக்கே இன்னொண்ணையும் சொன்னான். ஒரு கப்பல் கட்டற கம்பெனியில அவனுக்கு வேலை கிடைச்சு ஒரு மாசமாச்சாம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரணும். இன்னும் இருபத்தாறு நாள். தங்கற இடத்துல நாய்க்கு அனுமதி இல்லையாம். இதையும் என்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு மனசுல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். போகாதேன்னு சொல்ல எனக்கு எந்த மூஞ்சியும் இல்ல.

இதுல இருந்த சிக்கல் மறுநாள் காலை ஏழு மணிக்குப் புரிஞ்சுது. நான் அரை மாத்திரையை ரொட்டியில வெச்சு நீட்டினேன். துரு உடைஞ்ச விலாவோட மெஷினுக்குப் பின்னாடி ஊர்ந்து போய் ஒளிஞ்சுக்கிச்சு. தம்பி கையை நீட்டினதும் வந்து நக்கிட்டுப் போச்சு. சாயந்திரமும் அதே. மறுநாளும் அதே. அதாவது, தம்பி ஊருக்குப் போறதுக்குள்ள இந்த நாய் என் கையால மாத்திரை தின்னப் பழகணும். இல்லைன்னா அது செத்துப் போகும். வேற வழியே கிடையாது.

எல்லாம் பண்ணிப் பாத்தேன். முட்டைக்குள்ள வெச்சேன். முட்டையைத் தின்னுட்டு மாத்திரையை மட்டும் சுத்தமா கழுவின மாதிரி துப்பி வெச்சுது. வாழைப்பழத்துல வெச்சேன், பொடி பண்ணிப் பால்ல கலந்தேன். பாலை மோந்துட்டு என்னைப் பாத்துச்சு பாருங்க, விஷம் வெக்க வந்தவளைப் பாக்கற மாதிரி. பால் கிண்ணம் பறந்து சுவத்துல மோதி நசுங்கிச்சு. கோபத்தை விட்டா எனக்கு வேற மொழி தெரியாது. கிண்ணம் பறந்த சத்தத்துல நாய் ரெண்டு நாள் என் பக்கமே வரலை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

பத்தாம் நாள் ஒரு வலிப்பு, பதினஞ்சாம் நாள் ஒண்ணு. ரெண்டுமே சின்னது. தம்பி பொருளையெல்லாம் நகர்த்துவான், நான் மணியைப் பாப்பேன். பதினஞ்சாம் நாள் எழுந்ததும் துரு ஆள் தெரியாம தம்பியோட உள்ளங்கையைக் கடிச்சு ஓட்டை போட்டுச்சு. நாலு தையல். கையை உதறக்கூட இல்ல அவன். வலியைத் தாங்கறதுல அவனுக்குப் பழக்கம் உண்டு, பழக்கினது நான்.

அந்தக் கடியைப் பாத்துட்டு டயர் கடைக்காரர் ஆரம்பிச்சார். நுரை தள்ளுது, ஆளைக் கடிக்குது, இது வெறிதான்னு. தடுப்பூசிச் சீட்டைக் காட்டினேன். சீட்டு கடிக்காது, நாய்தான் கடிக்கும்னார். அவருக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு, ஸ்கூல் விட்டா கடையில டயர் மேல ஏறி உக்காந்திருக்கும். பிள்ளையைப் பெத்தவர் பயப்படறார், அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா மூணு வருஷம் முன்னாடி என் வாசல்ல டயரை அடுக்கினார்னு நான் ஒரு டயரைத் தூக்கி அவர் முழங்கால்ல எறிஞ்சிருக்கேன், அந்தக் கணக்கும் அவர் மனசுல இருந்துச்சு. மறுபடி தெருவுல நுரை தள்ளினா நானே அடிச்சுப் போட்டுடுவேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னார்.

இருபத்திரெண்டாம் நாள் தம்பி ஒரு பெரிய கேட் பொருத்த விடியறதுக்கு முன்னாடியே வெளியூர் போயிட்டான். காலை மாத்திரை என் பொறுப்பு. ரொட்டியில வெச்சு தரையில வெச்சுட்டு வேற பக்கம் திரும்பி உக்காந்தேன். வந்துச்சு, தின்னுச்சு. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. எழுந்து பாத்தா பெஞ்சு அடியில மாத்திரை ஈரமா கிடக்குது. ஏழரை ஆகுது. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்துச்சோ. மாத்திரையை எடுத்துக்கிட்டு அதைத் துரத்தி மூலையில மடக்கி, கழுத்தை முழங்கையால அமுக்கி, தாடையைப் பிளந்தேன். உன் நல்லதுக்குத்தான் சனியனேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னேன். இதே வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருக்கேன்னு எனக்குத் தெரியும், யார்கிட்டன்னும் தெரியும். நாய் ஒரு உதறு உதறி என் முழங்கையைக் கிழிச்சுட்டு, பாதி திறந்திருந்த ஷட்டர் அடியில பூந்து ஓடிப்போச்சு.

தேடாத இடமில்ல. சந்து, சாக்கடை ஓரம், இரும்புக் கிடங்கு, எல்லாம் சுத்தினேன், குழாய் மருந்தை ஏப்ரன் பையில வெச்சுக்கிட்டு. மத்தியானம் மூணரைக்குத் தெருவுல ஒரு அலறல். டயர் கடைக்காரரோட பொண்ணு.

ஓடினேன். டயர் கடை வாசல்ல, காத்து அடிக்கிற மெஷினுக்கும் அடுக்கி வெச்ச டயருக்கும் நடுவுல துரு கிடந்து துடிக்குது. இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் விளையாட்டு. உடம்பு முழுக்கத் தரையை விட்டு எழும்பி எழும்பி விழுது, முகம் சிமென்ட்ல தேய்ஞ்சு தோல் உரிஞ்சு ரத்தம், நுரையெல்லாம் சிவப்பு. அந்தப் பொண்ணு டயர் அடுக்கு மேல ஏறி நின்னு கத்துது. அவர் டயர் கழட்டற லிவரை ரெண்டு கையாலயும் தூக்கிட்டார்.

விலகுன்னார். நான் விலகலை. லிவர் இறங்கிச்சு, நாயோட மண்டைக்குத்தான், குறுக்க என் இடது கையைக் குடுத்தேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல எலும்பு மரக்குச்சி மாதிரி ஒடிஞ்சுது. கண்ணு இருட்டிச்சு. வலது கை அதுபாட்டுக்குத் தரையில தடவி ஜாக்கி ராடைத் தூக்கிடுச்சு. நல்ல கனமான ராடு. அவர் ரெண்டாவது அடிக்கு லிவரைத் தூக்கறார், நெத்தி எனக்கு நேரா இருக்கு. ஒரே அடி போதும், முடிஞ்சிடும். அடிக்கணும்னு உடம்பு பூரா எரிஞ்சுது, பொய் சொல்லமாட்டேன்.

ஆனா நான் மணியைப் பாக்கலை. எப்ப ஆரம்பிச்சுதுன்னே எனக்குத் தெரியலை. அதுதான் அந்த நேரத்துல எனக்கு வந்த நெனப்பு. இவரை அடிச்சா கூட்டம் கூடும், போலீஸ் வரும், அஞ்சு நிமிஷம் எப்ப தாண்டிச்சுன்னு யாருக்கும் தெரியாது. ராடைக் கீழ போட்டேன்.

"அண்ணே, அடிக்கறதுன்னா அஞ்சு நிமிஷம் கழிச்சு என்னை அடிங்க," சொன்னேன். "இப்ப மணியைப் பாருங்க. எப்ப விழுந்துச்சு?"

அவர் லிவரோட அப்படியே நின்னார். டயர் மேலிருந்து பொண்ணு அழுதுக்கிட்டே, விளம்பரம் ஆரம்பிச்சப்பதான் விழுந்துச்சு, அது முடிஞ்சு பாட்டு வந்துடுச்சுன்னு சொல்லிச்சு. கடையில ரேடியோ ஓடிட்டு இருந்திருக்கு. ரெண்டு நிமிஷம் இருக்கும்னு அவரே சொன்னார். லிவரை வெச்சுட்டு போனை எடுத்தார். நான் காலால டயரைத் தள்ளி நாயைச் சுத்தி இடம் பண்ணேன். ஒடிஞ்ச கை தொங்குது. அவர் சத்தமா எண்ணினார், மூணு, மூணரை, நாலு. நான் தொடலை. என் உசிரு கண்ணு முன்னாடி சிமென்ட்ல மண்டையை இடிச்சுக்குது, நான் தொடலை. அஞ்சுன்னதும் குழாய் மூடியைப் பல்லால கழட்டித் துப்பினேன். வாலைத் தூக்கிப் புடிக்க ஆள் வேணும்னேன். அந்த மனுஷன் மண்டி போட்டு உக்காந்து, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, வாலைப் புடிச்சார். மருந்தை ஏத்தினேன்.

ஆறு நிமிஷம் பத்து செகண்ட்ல துடிப்பு நின்னுச்சு. மூச்சு வந்துச்சு. நான் அங்கயே வாந்தி எடுத்தேன்.

அவரே வண்டி எடுத்து எங்க ரெண்டு பேரையும் ரெண்டு டாக்டர்கிட்ட கொண்டு போனார். வழியில, நீ அந்த ராடால போட்டிருந்தா நான் செத்திருப்பேன்மான்னார். ஆமான்னேன். டாக்டரம்மா துருவுக்கு ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் வெச்சுப் பாத்துட்டு, பொழைச்சுக்கும், சாயந்திர மாத்திரையை மட்டும் நேரத்துக்குக் குடுங்கன்னு அனுப்பினாங்க.

தம்பி வந்தப்ப மணி ஆறே முக்கால். என் கையில மாவுக்கட்டு, நாய் மூஞ்சியில மருந்து. டயர் கடைக்காரர் வாசல்லயே அவனைப் புடிச்சு எல்லாத்தையும் சொல்லியிருக்கார். உள்ள வந்து என் மாவுக்கட்டைப் பாத்தான். துரு சுவத்தோரம் தள்ளாடித் தள்ளாடி நடந்துட்டு இருந்துச்சு. ஏழு மணிக்கு அவன் மாத்திரையை உடைச்சான். இன்னிக்கு நீ குடுக்க வேண்டாம், நான் குடுக்கறேன்னு கேட்டு வாங்கினேன். நாலு நாள்ல அவன் கிளம்பிடுவான்.

ரொட்டி இல்ல, முட்டை இல்ல. வெறும் மாத்திரையை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு தரையில உக்காந்தேன். வான்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன், என் காதுக்கே அது அப்பாவோட வான்னு கேட்டுச்சு. துரு நின்னுச்சு. அப்புறம் வயிறு தரையில தேயத் தேய, வாலை உள்ள சொருகிக்கிட்டு, நடுங்கிக்கிட்டே வந்துச்சு. வர்ற வழியெல்லாம் மூத்திரம். என் கையிலிருந்து மாத்திரையை நாக்கால எடுத்துச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு முழுங்கிச்சு. முழுங்கிட்டு அங்கயே நின்னுச்சு, அடுத்து என்னன்னு தெரியாம.

"பாத்தியா, தின்னுடுச்சு," தம்பி சொன்னான். அவன் குரல்ல ஒரு நிம்மதி. "இனிமே கவலை இல்லக்கா. நான் போனாலும் சமாளிச்சுக்குவே."

நாய் பொழைச்சுக்கும். எனக்கும் அது புரிஞ்சுது. இனிமே தினம் ரெண்டு வேளை வரும், முழுங்கும், பயத்துல. அந்தக் கண்ணு மூடின விதத்தை நான் இதுக்கு முன்னாடி பாத்திருக்கேன். ஒன்பது வயசுப் பையன், தட்டுல சோறு, எதிர்ல நான், கையில கரண்டியோ கம்பியோ. முழுங்குடான்னா முழுங்குவான். தம்பி நல்லா சாப்பிடுவான்னு ஊர் பூரா பெருமை பேசினவ நான்.

"நீயும் இப்படித்தான் சாப்பிட்டியாடா?" கேட்டேன்.

அவன் மீதி அரை மாத்திரையைத் தாள்ல மடிச்சு டப்பாவுல போட்டான், மூடியைத் திருகினான்.

"பல நாள்," சொன்னான்.

தப்பு பண்ணிட்டேன்டான்னு சொன்னேன். முப்பத்தொன்பது வயசுல இந்த வார்த்தையை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, எப்படிச் சொல்றதுன்னும் தெரியலை, குரல் ஒடைஞ்சு கேவலமா வந்துச்சு. பரவாயில்லைன்னு அவன் சொல்லலை. சொல்லணும்னு நானும் எதிர்பாக்கலை. துணியை எடுத்து நாய் மூத்திரம் பேஞ்ச தரையைத் துடைக்க உக்காந்தான். அதை அவன் கையிலிருந்து வாங்கி, ஒத்தைக் கையால நானே துடைச்சேன்.